முள்ளா, எண்ணா?



காடிக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் பொருத்த வேண்டும் என்று விரும்புபவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ ஓர் எக்ஸசரி கடைக்குள் நுழைந்து பாருங்கள். இரண்டு வகை மீட்டர்கள் அடுக்கியிருக்கும். ஒன்று, வட்ட முகத்தில் முள் ஆடுவது. மற்றொன்று, சிவப்பிலோ நீலத்திலோ எண்கள் ஒளிர்வது. பார்த்தவுடன் மனம் எண் மீட்டரின் பக்கம்தான் சாயும். 'எண்பத்தெட்டு' என்று அது அடித்துச் சொல்லும்போது, எங்கோ நடுவில் நிற்கும் முள் பழங்காலத்துப் பொருளாகத் தோன்றுவது இயல்புதான்.

எதை வாங்குவது? இந்த இதழில் நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

இது ஆண்கள் விவகாரம் என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பள்ளி வேன் ஓட்டும் தாய்மார்கள் இன்று எத்தனையோ பேர். ஓட்டாதவர்களுக்கும் சொல்கிறேன்: எஞ்சின் கெட்டுப் போனால் அதற்கான பணம் வீட்டுச் செலவிலிருந்துதான் போகும். பிள்ளையின் பள்ளிச் செலவும் அந்தப் பணத்தில்தான் இருக்கிறது.

முதலில், கூடுதல் மீட்டர் எதற்கு என்று கேட்டுக்கொள்வோம். காடி வாங்கும்போதே முன்பலகையில் மீட்டர்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, ஆனால் வரவரக் குறைந்துகொண்டே போகின்றன. இப்போது வரும் சிறிய காடிகள் பலவற்றில் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றுமில்லை. முள் வைத்த காடிகளிலும் ஒரு சங்கதி உண்டு. சூடு சற்றே ஏறி இறங்கினால் ஓட்டுநர் பயந்து பட்டறைக்கு ஓடி வருகிறார் என்பதால், பத்துப் பதினைந்து டிகிரி கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி பல தொழிற்சாலைகள் அமைத்துவிட்டன. அந்த முள் அசையத் தொடங்கும்போது நிலைமை கைமீறும் கட்டத்தை நெருங்கியிருக்கும்.

நம் ஜொகூரில் இது சின்ன விஷயமல்ல. கூலாய், ஸ்கூடாய், மாசாய் பக்கங்களிலிருந்து விடியுமுன் கிளம்பிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதைக் கடக்கச் சில நாட்களில் மணிக்கணக்காகிறது. 1998இல் இரண்டாவது பாலம் வந்த பிறகும் நெரிசல் தீரவில்லை. ஓடும் காடிக்கு எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கும் காடிக்கு அந்த உதவி இல்லை. மின்விசிறி ஒன்றுதான் துணை. ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்க, பின்னால் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருக்க, அந்த மின்விசிறி நின்றுபோனால் என்ன ஆகும்? சூடு மளமளவென்று ஏறும். எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அளவு மீறிச் சூடேறினால் அது வளைந்துவிடும். ஹெட் கேஸ்கட் போய்விடும். வேன் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பழுதுச் செலவு மட்டுமல்ல. வேன் பட்டறையில் கிடக்கும் நாளெல்லாம் வருமானமும் கிடையாது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த மணியோசைதான் கூடுதல் மீட்டர். மணி எந்த வகையாக இருந்தால் நம் காதில் விழும் என்பதுதான் இங்கே கேள்வி.

வகுப்பறையில் மாணவர்களுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது நான் கவனித்த ஒன்று உண்டு. எண் கடிகாரத்தில் '9:47' என்பதை ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையும் படித்துவிடும். ஆனால் ஓய்வு நேர மணி பத்துக்கு அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணத் தொடங்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பழகிய பிள்ளையோ, பெரிய முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே உள்ள வெளியைப் பார்த்தே, "கொஞ்ச நேரம்தான் சார்" என்று சொல்லிவிடும். எண்ணைப் படிக்க வேண்டும். படித்ததை மனத்தில் இன்னோர் எண்ணோடு ஒப்பிட வேண்டும். முள்ளைப் பார்த்தால் போதும். அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்ற மூன்று செய்தியும் ஒரே பார்வையில் வந்துவிடுகின்றன.

சாலையில் இதன் மதிப்பு என்ன? மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காடி ஒரு விநாடியில் 25 மீட்டர் தூரத்தைத் தாண்டிவிடும். யொங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும். ஓரத்தில் மோட்டார் சைக்கிள் போகும். அங்கே கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் 25 மீட்டர் விலை. ஓட்டுபவரின் கண் மீட்டரில் தங்கக் கூடாது; தொட்டுவிட்டு உடனே சாலைக்குத் திரும்ப வேண்டும்.

பந்தயக் காடி ஓட்டியவர்கள் இதை அந்தக் காலத்திலேயே அறிந்திருந்தார்கள். மீட்டர்களைச் சற்றே திருப்பிப் பொருத்திக்கொள்வார்கள். எஞ்சின் நலமாக ஓடும்போது எல்லா முள்ளும் நேர் மேலே, பன்னிரண்டு மணி திசையில் நிற்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிப்பதே இல்லை. எந்த முள் சாய்ந்திருக்கிறதோ அங்கே கோளாறு; அவ்வளவுதான். நீங்கள் முள் மீட்டர் வாங்கினால் இந்த முறையை அப்படியே கடைப்பிடிக்கலாம். காசில்லாத உபாயம்.

முள் மீட்டரின் கதை பழையது. 1849இல் பிரான்ஸ் நாட்டின் யூஜின் பூர்டோன் என்பவர் வளைந்த உலோகக் குழாயைக் கொண்டு அழுத்தம் அளக்கும் மீட்டருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நீராவி அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அதனோடு இணைந்த முள் நகரும். செம்பனை ஆலைக் கொதிகலன்களின் முகப்பில் இன்றும் அந்த வழியில் வந்த மீட்டரைக் காணலாம். கொதிகலன்காரர் தூரத்திலிருந்து நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். முள் சிவப்புக் கோட்டுக்கு இப்புறம் இருந்தால் தம் வேலையைத் தொடர்வார்.

எண் மீட்டர் காடிக்குள் வந்தது பிற்பாடு. 1976இல் இங்கிலாந்தின் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் லகொண்டா என்ற காடியை எண்கள் ஒளிரும் முன்பலகையோடு காட்சிக்கு வைத்தது. 1981இல் ஜப்பானின் டொயோட்டா சோரர், 1984இல் அமெரிக்காவின் கோர்வெட் என்று அந்த அலை பரவியது. இனி முள்ளுக்கு வேலையில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. முன்பலகைகளில் முள் திரும்பி வந்தது. முழுக்க முழுக்க மின்திரை வைத்த இன்றைய காடிகள் பலவற்றிலும் அந்தத் திரையிலேயே வட்டம் போட்டு, முள்ளைப் படமாக வரைந்து காட்டுகிறார்கள். எண்ணைக் காட்டும் வசதி கையில் இருந்தும் முள்ளை ஏன் வரைகிறார்கள்? மனிதக் கண்ணுக்கு அது எளிது என்பதால்தான்.

அப்படியானால் எண் மீட்டர் வீணா? இல்லவே இல்லை. அதற்குரிய இடத்தில் அதை மிஞ்ச ஆளில்லை.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் பாதிதான் நிறைந்திருக்கிறது என்று பொருள். இடையே உள்ள வேற்றுமை அரை வோல்ட்டுக்கும் குறைவு. சின்ன முள் மீட்டரில் இது மயிரிழை நகர்வு, கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். பன்னிரண்டிலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு எண்தான் சரி. டயர் காற்றுக்கும் அப்படியே. பட்டறையில் போர்மன் தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று சோதிக்கும்போதும் எண்ணில்லாமல் முடியாது. நின்று நிதானமாகப் பார்ப்பதற்கு எண். ஓடும்போது ஓரக்கண்ணால் பார்ப்பதற்கு முள். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டியதில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். முன்பலகை மேல் வரிசையாக ஐந்து எண் மீட்டர்கள் பொருத்தியிருந்தார். தீபாவளிக் கடை போல ஜொலித்தது.

"தண்ணீர்ச் சூடு இப்போது எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன்.

குனிந்து தேடிப் பார்த்து, "தொண்ணூற்று மூன்று சார்" என்றார்.

"நேற்று இதே நேரத்துக்கு எவ்வளவு?"

"அதை யார் சார் ஞாபகம் வச்சிருப்பா!" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் நேற்றைய எண் தெரியாதவருக்கு இன்றைய எண்ணால் என்ன பயன்? முள் மீட்டராக இருந்தால் நேற்று நின்ற இடம் கண்ணிலேயே பதிந்திருக்கும். எந்த மீட்டராயினும் வாங்கிய பிறகு முதல் பத்து நாட்கள் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். காலையில் கிளம்பிய பிறகு எவ்வளவு, நெரிசலில் எவ்வளவு, மேட்டில் ஏறும்போது எவ்வளவு என்று எழுதுங்கள். பெரும்பாலான காடிகளில் இது 80 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் இடையே இருக்கும். உங்கள் காடியின் வழக்கம் எது என்று தெரிந்துவிட்டால், முள் நிற்கும் இடத்தில் கண்ணாடிமேல் ஒரு சின்ன வெள்ளைக் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் விழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். மீட்டர் வேறு, அது காட்டும் பொருள் வேறு. இதற்கு நம் பாலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஜொகூரில் பெட்ரோல் மலிவு என்பதால் சிங்கப்பூர்க் காடிகள் இங்கே வந்து நிரப்பிக்கொண்டு போவதைத் தடுக்க, 1989இல் சிங்கப்பூர் ஒரு விதி கொண்டு வந்தது. எல்லையைக் கடக்கும் அந்நாட்டுக் காடியின் தொட்டியில் பாதியாவது பெட்ரோல் இருக்க வேண்டும். 1991இல் அது முக்கால் தொட்டியாக உயர்ந்தது. அதிகாரி பார்ப்பது மீட்டர் முள்ளைத்தானே என்று, முள்ளை மட்டும் பொய்யாக உயர்த்திக் காட்டக் கருவி பொருத்தியவர்களும் உண்டு. பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்களும் உண்டு. தொட்டி காலி, முள் மட்டும் முக்காலில் நிற்கிறது!

அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். நம் காடியில் அதே பொய் தானாக நடக்கும். மீட்டர் காட்டுவது சென்சார் அனுப்பும் செய்தியை மட்டும்தான். ஒற்றைக் கம்பிச் சென்சார் தன் திருகாணி வழியாகத்தான் எஞ்சினோடு மின்தொடர்பு கொள்கிறது. தண்ணீர் கசியக் கூடாது என்று அதைச் சுற்றி வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டால் தொடர்பு கெட்டு, மீட்டர் தப்பாகக் காட்டும். முன்விளக்கைப் போட்டவுடன் சூட்டு மீட்டர் சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ எர்த் கம்பியைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் சூடு அப்படி ஒரு நொடியில் மாறாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுதும் கொட்டிவிட்டால், சென்சார் தண்ணீரில் நனையாமல் வெறும் வெளியில் நிற்கும். அப்போது முள் ஏறுவதற்குப் பதில் இறங்கக்கூடும். 'அப்பாடா, குளிர்ந்துவிட்டது' என்று எண்ணி ஓட்டினால் எஞ்சின் எரிந்துதான் நிற்கும். காரணமில்லாமல் ஏறினாலும் நிறுத்துங்கள். காரணமில்லாமல் இறங்கினாலும் நிறுத்துங்கள். இந்த விதிக்கு முள்ளென்றும் எண்ணென்றும் வேற்றுமை கிடையாது.

வாங்கும்போது அளவு எந்த முறையில் எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் நாட்டில் 1972இல் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறினோம். ஆனாலும் டயர் காற்றை இன்றும் பவுண்டுக் கணக்கில்தான் பேசுகிறோம். அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்த மீட்டர்கள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். அதில் 212 என்றால் நமக்கு 100 டிகிரி செல்சியஸ். அழுத்தத்தில் ஒரு பார் என்பது ஏறக்குறைய பதினாலரை பவுண்டு. அளவுமுறை குழம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1983 ஜூலை 23ஆம் நாள், ஏர் கனடாவின் புத்தம்புதிய போயிங் 767 விமானத்தில் எண்களால் எரிபொருள் காட்டும் மீட்டர்கள் வேலை செய்யவில்லை. கையால் அளந்து கணக்குப் போட்டார்கள். அந்த விமானத்துக்குக் கிலோ கணக்கு வேண்டும்; போட்டதோ பவுண்டுக் கணக்கு. தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு பறந்து, நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. விமானி அதைச் சறுக்கு விமானம் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் உயிர் தப்பினார்கள். மீட்டர் புதிதா பழையதா என்பதைவிட, அது பேசும் மொழி நமக்குப் புரிகிறதா என்பதே முக்கியம்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். என்ன வாங்கலாம்?

தண்ணீர்ச் சூட்டுக்கு ஒரே ஒரு முள் மீட்டர் வாங்குங்கள். எழுத்து பெரிதாக, செல்சியஸில் இருக்கட்டும். அளவு மீறினால் விளக்கு எரியும் அல்லது ஒலி எழுப்பும் வசதி உள்ளதாக இருந்தால் மிக நல்லது. எந்த மீட்டரையும் ஓட்டுநர் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒலி தானே வந்து கூப்பிடும். பேட்டரிக்குச் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன எண் மீட்டர் போதும். மற்றவை பெரும்பாலான குடும்பக் காடிகளுக்கு அலங்காரம்தான்.

எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர் வேண்டுமென்றால் மின்கம்பி வகையை வாங்குங்கள். பழைய வகையில் எஞ்சின் எண்ணெயையே மெல்லிய குழாய் வழியாகக் காடிக்குள் கொண்டு வருவார்கள். அந்தக் குழாய் விட்டுப்போனால் கொதிக்கும் எண்ணெய் கால்மேல் கொட்டும். பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு அது ஆகாது.

புதிய காடியாக இருந்தால் கம்பிகளை வெட்டவிடாதீர்கள்; உத்தரவாதத்துக்கு இடைஞ்சல் வரலாம். ஓபிடி என்ற சோதனைத் துளை அதில் இருந்தால், செருகினாலே போதும் என்ற வகை மீட்டர்கள் கிடைக்கின்றன. காடியின் கணினிக்குத் தெரிந்த சூட்டையே அவை காட்டும். பல நாள் காடியை எடுக்காமல் விடுவதானால் அதைக் கழற்றி வையுங்கள். சில வகைகள் பேட்டரியை மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும்.

பொருத்தும் இடத்திலும் கவனம் வேண்டும். முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள தூணில் மூன்று மீட்டரை ஏணி போல அடுக்குவது இப்போது நாகரிகம். சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் மோட்டார் சைக்கிள் முழுதும் அந்த அடுக்குக்குப் பின்னால் மறைந்துவிடும். மீட்டருக்கு வெளிச்சம் குறைக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். விளக்கில்லாத தோட்டப் பாதையில் கண்ணெதிரே பளீரென்று ஒளிரும் எண்கள் வெளியே உள்ள இருட்டை இன்னும் இருட்டாக்கும். மின்கம்பிக்கு ஃபியூஸ் போடாமல் எந்தக் கடைக்காரர் பொருத்தித் தந்தாலும் ஏற்காதீர்கள்.

கடைசியாக, மீட்டர் தன் கடமையைச் செய்து சூடு ஏறுகிறது என்று சொல்லிவிட்டால் நம் கடமை என்ன? ஏர்கோனை அணையுங்கள். பாதுகாப்பான ஓரம் பார்த்து நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். மூடிய நிலையில் உள்ளே அழுத்தம் இருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த அதே நொடியில் அது முழுதும் பொங்கி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரத்துக்கு மேலானாலும் பரவாயில்லை. கைக்குச் சூடு தெரியாத வரை ஆறவிடுங்கள். வேலைக்கு ஒரு நாள் தாமதமாகப் போனால் மேலாளர் முகம் சுளிப்பார், மறுநாள் மறந்துவிடுவார். வெந்துபோன முகமும் வளைந்துபோன எஞ்சினும் அப்படி மறக்கக்கூடியவை அல்ல.

இன்று மாலை வீட்டில் இருக்கும் காடியின் முன்பலகையைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். எந்த விளக்கு எதற்கு, எந்த முள் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குச் சாலையைப் பார்க்கும் வேலை இல்லை. "அப்பா, முள் கோட்டைத் தாண்டுகிறது" என்று அந்தப் பிள்ளை சொல்லும் ஒரு வார்த்தை, எத்தனை விலை கொடுத்தாலும் கடையில் கிடைக்காத மணியோசை.

அடுத்த இதழில் சந்திப்போம்.